கூனிமேட்டில் நின்ற இன்னொரு கார்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை காரின் சாவியைத் திருப்பினேன். உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி ‘டக்’. மூன்றாவது முறை அதுவும் இல்லை. முன்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகள் மெதுவாக மங்கி அணைந்தன. மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுப் பக்கம் திரும்பி ‘என்னங்க’ என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வெளியே வருவதற்குள் நினைவு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் புனேவுக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மகன் அங்கே வேலையில் இருக்கிறான். பேத்தி பிறந்து, மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எனக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. அவர் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதான் இருந்தார். “மூணு மாசம் இருந்து குடுத்துட்டு வந்துடுறேன்” என்று ஒரு சின்னப் பெட்டியோடு கிளம்பினார். மூன்று மாதம் ஆறானது. அப்புறம் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். சண்டை எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் போன் பேசுவோம். குழந்தை என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள் என்று சொல்வார். நான் இன்று எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார்கள் என்று சொல்வேன். பிறகு இரண்டு பேரும் ‘சரி’ என்போம்.

மரக்காணத்தில் உப்பளங்களுக்குப் போகிற சாலையில் கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. கடைசி வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கப்புறம் பாத்திகள்தான். காலையில் ஆட்கள் உப்பு வாரும் சத்தம் கேட்கும். பத்து மணிக்குமேல் அதுவும் இருக்காது, வெயிலும் காற்றும்தான். நான் உள்ளே பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அந்த வழிக்கு பஸ் குறைவு. அவர் இருந்தவரை தினமும் காரில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேனே தவிர, நான் ஓட்ட வேண்டிய தேவை வந்ததில்லை. அவர் போன பிறகுதான் பயந்து பயந்து ஓட்டப் பழகினேன். மகன் காலேஜில் படிக்கும்போது செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார் அது. அந்த மாடல் இப்போது வருவதே இல்லை.

அன்று லீவு சொல்லிவிட்டு அவருக்குப் போன் பண்ணினேன். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“பேட்டரி போயிருக்கும். எப்போ மாத்தினது அது?” என்று என்னையே கேட்டார்.

“நீங்கதாங்க மாத்துனீங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

“பீரோல பில் இருக்கும் பாரு. முப்பத்தஞ்சு ஆம்ப்னு சொல்லு, குடுத்துடுவாங்க. எல்லாம் ஒன்னுதான்.”

பீரோவில் பில் இல்லை. பழைய கரண்ட் ரசீதும், மகனின் ஸ்கூல் ஐடி கார்டும், எந்தப் பூட்டுக்கும் சேராத நாலு சாவியும் இருந்தன.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேட்டரி கடைக்காரர் மதியம் ஸ்கூட்டரில் வந்தார். பானெட்டைத் திறந்ததும் “அடேங்கப்பா” என்றார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று தின்று, அதன்கீழ் இருந்த இரும்புத் தட்டும் பொரிந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வெளுத்து, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சும்மா, சார்ஜ் போட்டாலும் நிக்காது” என்றார்.

அவர் கொண்டுவந்த புது பேட்டரி பார்ப்பதற்குப் பழையது மாதிரியேதான் இருந்தது. உள்ளே இறக்கினார். பிளஸ் முனை ஒரு பக்கம் இருந்தது, பிளஸ் கேபிள் எதிர்ப்பக்கம் இருந்தது. இழுத்துப் பார்த்தார். நாலு விரற்கடை எட்டவில்லை. பேட்டரியையே திருப்பி வைத்தார். இப்போது கேபிள் எட்டியது, ஆனால் முனை தடிமனாக இருந்ததால் வளையம் அதில் இறங்கவில்லை. பேட்டரியைப் பிடித்து நிறுத்துகிற கம்பியும் மாட்டவில்லை.

“ஒன்னும் பிரச்சனை இல்லைங்க. முனைய லேசா ராவிட்டா இறங்கிடும். கம்பிக்கு பதில் ஒரு கயிறு போட்டுக் கட்டிடலாம். ஓடும்.”

“ஆடாதா?”

“ஆடும். ஆனா ஓடும்.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இவ்வளவு பழைய வண்டிக்கு இவ்வளவு பார்க்கிறார்களே என்று நினைத்திருப்பார். என்னால் அதை அவருக்கு விளக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். ஒரே பெயரில் இரண்டு அளவுகள் இருக்கும், ஒரே நிறத்தில் இரண்டு மருந்துகள் இருக்கும். ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்று யாராவது சொன்னால் என் கை தானாக நின்றுவிடும். அந்தப் பழக்கம் காருக்கும் வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய் வந்தேன். இடைவேளையில் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் கடைகளுக்குப் போன் போட்டேன். மாடலைச் சொன்னதும் எந்த வருஷம் என்று கேட்பார்கள். வருஷத்தைச் சொன்னதும், அந்த மாடலுக்கு நடுவில் மாற்றிவிட்டார்கள், உங்களுடையது முன்னதா பின்னதா என்று கேட்பார்கள். எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காரைத் துடைத்து, டயரில் காற்றுப் பார்த்து, இன்ஜினில் சின்ன வித்தியாசம் கேட்டாலும் முகம் மாறிய மனுஷன், “ஞாபகம் இல்லம்மா” என்றார். “வித்துடேன், எதுக்கு இந்தத் தொல்லை?” என்றும் சொன்னார். நான் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு காரை இவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமானால், என்று தொடங்கிய நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டு குக்கரை அடுப்பில் வைத்தேன்.

எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குக் கோட்டக்குப்பம். “எங்க ஊர்ல ஒரு பாய் இருக்காருக்கா. வெளிநாட்டுல கார் கராஜ்ல வேலை பாத்தவரு. அவரப் பாருங்க, பழைய வண்டியெல்லாம் அவருக்குத்தான் தெரியும்” என்றாள்.

பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. ஒரு வளர்ந்த குழந்தையின் கனம், தவிர ஆசிட். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கூடத்தில் ஒரு செய்தித்தாளின்மேல் வைத்து, சுற்றி பேனாவால் கோடு போட்டேன். எந்த மூலையில் பிளஸ், எந்த மூலையில் மைனஸ் என்று குறித்தேன். உயரத்துக்கு ஒரு நூலை அளந்து முடிச்சுப் போட்டேன். செய்துகொண்டிருக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு யாரிடமாவது காட்டலாம் என்று நிமிர்ந்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கோட்டக்குப்பம் போனேன். டிராவல்ஸ் ஆபீஸுக்கும் அத்தர் கடைக்கும் நடுவில் சின்னக் கடை. மருதாணி போட்ட தாடியோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் செய்தித்தாளை கவுண்டரில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது யார் வரைஞ்சதும்மா?”

“நான்தாங்க.”

“மெக்கானிக்குங்களே இப்படி அளவு எடுக்க மாட்டானுங்க.” நூலை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். “மாஷா அல்லாஹ். உயரமும் இருக்குது.”

யாராவது என்னைப் பாராட்டி வெகு நாளாகியிருக்க வேண்டும். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

“அளவு சரிதாம்மா. ஆனா இந்த அளவுல ரெண்டு டைப் வரும். முனை மெல்லிசா இருக்கறது ஒன்னு, தடிப்பா இருக்கறது ஒன்னு. அது இல்லாம பிளஸ் எந்தப் பக்கம்னு நம்பரோட கடைசி எழுத்துல இருக்கும். எல், ஆர்னு வரும். நீங்க வரைஞ்சதுல பக்கம் தெரியுது. ஆனா நம்பர் இல்லாம நான் ஆர்டர் போட்டு, அது சேரலன்னா திருப்பி எடுக்க மாட்டான்.” கொஞ்சம் யோசித்தார். “கூனிமேட்டுல இதே வண்டி, இதே வருஷம், ஒன்னு நிக்குது. நம்ம பையன்தான், அபுதாபில இருக்கான். போன தடவ லீவுல வந்தப்ப மெட்ராஸ்ல அலைஞ்சு கரெக்டான பேட்டரி வாங்கிப் போட்டான். அதுல நம்பர் இருக்கும்.”

அவரே அந்த வீட்டுக்குப் போன் போட்டார். ஒரு வயதான அம்மாவின் குரல் வெளியே கேட்டது. எங்கள் வீட்டில் பானெட் திறக்க யாருக்கும் தெரியாது, வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும். போனில் பேசிய அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி போலிருந்தது, காலை நீட்டி வைத்திருந்தார். உள்ளே இரண்டு மூன்று பெண்கள், எங்கே பார்த்தாலும் பிள்ளைகள், மிக்ஸி ஓடும் சத்தம், யாரோ ஓதும் சத்தம். டீயும் பிஸ்கட்டும் வந்தது. நான் மருந்தாளுநர் என்று தெரிந்ததும் அந்த அம்மா தன் மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லி, எது காலையில் எது ராத்திரி என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு என்னைச் சொந்தக்காரி மாதிரி நடத்தினார்.

“ஏய், இவங்களுக்கு வண்டியக் காட்டு” என்று மருமகளிடம் சொன்னார். “அவ புருஷன் வண்டிதான். ஆனா அவளுக்கு ஒன்னும் தெரியாது.”

முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். தகரக் கொட்டகையில் சாம்பல் நிற உறை போட்டு ஒரு கார் நின்றது. உறையை உருவினாள். எனக்கு ஒரு நிமிஷம் திகைப்பாக இருந்தது. அதே முகம், அதே நிறம். எங்கள் கார் வாங்கிய அன்று இருந்த மாதிரி இருந்தது. எங்கும் துரு இல்லை.

அவள் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ இழுத்தாள். முன்னால் வந்து விரலை உள்ளே விட்டு, பானெட்டை ஒரே தூக்காகத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள்.

“தெரியாதுன்னு சொன்னாங்களே?”

“அவங்களுக்கு எனக்குத் தெரியும்னு தெரியாதுக்கா” என்று சிரித்தாள்.

ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. முப்பத்தெட்டு, பி இருபது, கடைசியில் எல். மரக்காணம் கடைக்காரர் கொண்டுவந்தது நிச்சயம் ஆர் ஆகத்தான் இருந்திருக்கும். போட்டோ எடுத்துக் கோட்டக்குப்பத்துக்கு அனுப்பினேன். வந்த வேலை முடிந்துவிட்டது. நான் கிளம்பாமல் நின்றேன். அவளும் பானெட்டை மூடிவிட்டு உறையைப் போடாமல் நின்றாள்.

“கொஞ்ச நேரம் உக்காருங்கக்கா. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்.”

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள், நான் பக்கத்தில். சாவியைத் திருப்பியதும் கார் உடனே கிளம்பியது. ஏசியைப் போட்டுவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றினாள். வீட்டுச் சத்தம் அத்தனையும் நின்றுபோனது.

“வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டுப் போனாரு. நான் தினமும் வந்துடுவேன். சாயங்காலம் அஸர் தொழுதுட்டுப் பத்து நிமிஷம். அவருக்குப் போன் பண்றதும் இங்கதான். வீட்டுல பதினோரு பேருக்கா. எங்க போய் பேசினாலும் யாராச்சும் இருப்பாங்க. அழணும்னாக்கூட இங்கதான் வரணும்.” சொல்லிவிட்டு, அதிகம் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள். “உங்க வீட்டுல எத்தன பேருக்கா?”

“நான் மட்டும்தான்.”

“குடுத்து வச்சவங்க” என்றாள்.

அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அழலாம், கதவைக்கூட மூட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏசிக் காற்றை என் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் அவளுடைய பையன் வந்து கண்ணாடியைத் தட்டி, பாட்டி கூப்பிடுகிறார்கள் என்றான்.

புதன்கிழமை பேட்டரி சென்னையிலிருந்து வந்தது. கோட்டக்குப்பம் பாயே மரக்காணத்துக்குக் கொண்டுவந்தார். பொரிந்துபோன தட்டை உப்புத்தாளால் தேய்த்தார். கேபிள் முனைகளில் வெந்நீரை ஊற்றினார். பூத்திருந்ததெல்லாம் நுரைத்துக் கரைந்து ஓடியது. புது பேட்டரியைக் கைக்குழந்தையைக் கிடத்துகிறமாதிரி இரண்டு கையாலும் மெதுவாக இறக்கினார். பிளஸ் பக்கத்தில் பிளஸ் கேபிள் தானாக வந்து நின்றது. வளையங்கள் இறங்கின. கம்பி மாட்டியது. முனைகளில் வாசலினைத் தடவிவிட்டு, “உப்புக்காத்து இல்லியா, மாசம் ஒரு தடவை இத தடவிடுங்க. பேட்டரி நாலு வருஷத்துக்குக் கேக்காது, இன்ஷா அல்லாஹ்” என்றார்.

சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. அவர் கைதட்டினார். ரேடியோவில் இருந்த கடிகாரம் ஒரு மணி என்று காட்டியது. பொத்தானை அமுக்கினால் வெறும் இரைச்சல். என் வீட்டுக்காரர் ஆறு பொத்தான்களிலும் ஆறு நிலையங்களைப் பிடித்து வைத்திருந்தார். மூன்றாவதில் காலைச் செய்தி, ஐந்தாவதில் பழைய பாட்டு. நான் அதை ஒருநாளும் மாற்றியதில்லை.

“கரண்ட் விட்டுப்போனா எல்லாம் அழிஞ்சுடும்மா. புதுசா செட் பண்ணிக்கலாம்” என்றார் அவர் சாதாரணமாக.

அவரை அனுப்பிவிட்டு, காரிலிருந்தே புனேவுக்குப் போன் பண்ணினேன். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். செய்தித்தாள், நூல், கூனிமேடு, எல் என்ற எழுத்து. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “நல்லதாப்போச்சு. இப்ப ஓடுற வண்டின்னு சொல்லி விக்கலாம். ஸ்டார்ட் ஆவாத வண்டிய யார் வாங்குவான்?” என்றார்.

“நான் ஓட்டத்தாங்க மாத்துனேன்.”

“அதுக்கில்ல. நீயும் ரிட்டயர் ஆயி இங்க வந்துட்டா, அங்க எதுக்குக் கார்?”

அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அதைக் கேட்டேன். அவர் மனதில் விஷயம் எப்போதோ முடிவாகியிருக்கிறது. வீடு, கார், நான், எல்லாம் ஒவ்வொன்றாகக் காலி செய்யவேண்டிய பட்டியலில் இருக்கிறோம். “நீங்க எப்போ வர்றீங்க?” என்று கேட்டேன். ஜூனில் பேத்தியை ப்ளே ஸ்கூலில் சேர்க்கிறார்கள், கொண்டுபோய் விட ஆள் வேண்டும் என்றார். சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லக் கூனிமேட்டுக்குக் காரிலேயே போனேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கிப்போயிருந்தேன். மருமகள் வாசலில் வந்து எங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துருப்பிடித்த இடங்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில் கேட்டாள்.

“எனக்கு ஓட்டக் கத்துக்குடுப்பீங்களாக்கா?”

“நானே இப்பதாம்மா பழகுனேன். எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது.”

“பரவால்ல. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம்.”

மாமியாரிடம் நான்தான் கேட்டேன். பெண் ஓட்டக் கற்றுக்கொண்டால் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் அபுதாபிக்குப் போன் பண்ணச் சொன்னார். மகன் அங்கிருந்து, “மொதல்ல எல் போர்டு எடுத்துக்கச் சொல்லுங்க, போகட்டும்மா” என்றான். சித்திரை பிறப்பதற்குள் அவள் எல்எல்ஆர் எடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு வந்து, உப்பளங்களுக்கு நடுவில் போகிற மண்சாலையில் என் காரைக் கொடுத்தேன். ஆட்கள் வாருகோலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். ஒரு பெண் தொழிலாளி, “பாத்தியில வுட்டுடாதம்மா, உப்புல உக்காந்துடும்!” என்று கத்தினாள். அவளுக்குக் கை காட்டிவிட்டுச் சிரித்ததில் இவள் உண்மையிலேயே ஒரு சக்கரத்தை வரப்புக்குக் கீழே இறக்கிவிட்டாள். நாலு பேர் வந்து தூக்கினார்கள்.

ஓட்டி முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவாள். அந்த வீட்டின் அமைதி அவளுக்குத் தீராத ஆச்சரியம். ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்ப்பாள். ஒருநாள் கூடத்தில் பாயைப் போட்டு அப்படியே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டாள். நான் சத்தம் போடாமல் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுப்ப மனம் வரவில்லை.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். எட்டாவது வாரம் அவளே போன் பண்ணினாள். குரலிலேயே தெரிந்தது. “அக்கா, விசா வந்துடுச்சு. எனக்கும் பிள்ளைக்கும். பத்து நாள்ல கிளம்புறோம்.” ஐந்து வருஷமாகக் காத்திருந்தது அது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் ரொம்ப சந்தோஷம் என்றேன். பொய் இல்லை, சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். எல்லாவற்றையும் மடித்து முடித்துவிட்டு, மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

வழியனுப்பப் போனபோது அந்த வீட்டில் பதினோரு பேர் அல்ல, முப்பது பேர் இருந்தார்கள். தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கொட்டகையிலிருந்த காரை ஏற்கெனவே யாரோ வாங்கிப்போயிருந்தார்கள்.

அந்த மாதம் ஒரு வாரம் லீவு போட்டு ரயிலேறிப் புனேவுக்குப் போனேன். கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டேஷனுக்கு அவர் வந்திருந்தார். இளைத்திருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. காலையில் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அவர் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாலக்காட்டுக்காரர், ஒருவர் நாக்பூர், மற்றவர்கள் எந்த ஊர் என்று எனக்குப் பிடிபடவில்லை. இவர் அரைகுறை இந்தியில் ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னை அறிமுகப்படுத்தினார். பேத்தி அவர் தோளில் ஏறிக்கொண்டாள், என்னைப் பார்த்ததும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

முப்பது வருஷத்தில் மரக்காணத்தில் அவருக்கு ஒரு நண்பரும் இருந்ததில்லை என்பது அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் துடைத்திருக்கிறார். நான் அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை பார்த்து வந்த கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை.

கிளம்பும் அன்று பிளாட்பாரத்தில் என் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரயில் வர நேரமிருந்தது.

“அங்க தனியா இருக்கறது கஷ்டமா இருக்குதா?” என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

“இருக்குதுங்க” என்றேன்.

“அப்போ சர்வீஸ் முடிஞ்சதும் வந்துடு.”

“இல்லைங்க. நான் அங்கதான் இருப்பேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் அது சரி என்று தோன்றியது. அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. யோசித்துவிட்டு, “காரு ஓடுதில்ல, அப்போ சரி” என்றார். ரயில் வந்தது. பையை மேலே ஏற்றி வைத்து, ஜன்னலோரம் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை நான் போகிறேன். ஒருமுறை அவர் வருகிறார், பத்து நாள் இருப்பார். வந்த நாலாவது நாளே பூங்கா நண்பர்களோடு போனில் பேசத் தொடங்கிவிடுவார். பேத்தி என்னைக் கண்டு இப்போது ஒளிந்துகொள்வதில்லை. கூனிமேட்டுப் பெண் அபுதாபியிலிருந்து எப்போதாவது குரல் செய்தி அனுப்புகிறாள். அங்கே அவர்கள் இருப்பது பதினெட்டாவது மாடி. பகலெல்லாம் அவளும் பிள்ளையும் மட்டும்தான், கதவைத் தட்ட ஒருத்தர்கூட இல்லை என்கிறாள். போன செய்தியில், “நீங்க எப்படிக்கா அங்க இருக்கீங்க?” என்று கேட்டிருந்தாள். இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று மருந்துக் கவுண்டரைச் சாத்திய பிறகு, அங்கேயே உட்கார்ந்து பதில் பேசி அனுப்பினேன். கார் கிளம்பாத அந்தத் திங்கட்கிழமையிலிருந்து சொல்ல ஆரம்பித்ததில், அது கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.